அம்மா ஆண்டவரிடம் சொன்னது

வங்கியில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று ஒரு பெயர் உண்டு. யார் வைத்தார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான். கேஷியராக இருக்கும் என்று நினைக்கிறேன். தூத்துக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க்காக இருக்கிறேன். பிறவியிலேயே பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைக் காதில் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்து வேலை பார்க்கிறேன். புன்னைக்காயலிலிருந்து வரும் பெண்கள் என் மேஜை முன்னால் உட்கார்ந்ததுமே கையெழுத்து எங்கன போடணும் என்று கேட்பார்கள். நான் விடமாட்டேன். பாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுவதும் சொல்லி, திருப்பிக் கேட்டு, அதன் பிறகுதான் பேனாவைக் கொடுப்பேன். பஸ் போய்விடும் என்று அவர்கள் முனகுவார்கள். போகட்டும், அடுத்த பஸ் வரும் என்பேன்.

அப்படிப்பட்ட நான், என் உடம்பைப் பற்றிய ஐந்து காகிதங்களில் ஒரு வரிகூடப் படிக்கக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

சந்தேகம் நான் ஆசைப்பட்டு வளர்த்த குணம் அல்ல. கண் தெரியாத பிள்ளை இருக்கிற வீட்டில் மற்ற எல்லாரும் கண்ணாலே பேசக் கற்றுக்கொள்கிறார்கள். பேச்சு ஒரு இடத்தில் நிற்கும். பிறகு வேறு ஒரு விஷயமாகத் தொடங்கும். நின்ற அந்த இரண்டு நொடிக்குள் யாரோ தலையாட்டி, யாரோ புருவத்தைத் தூக்கி, என்னைப் பற்றி ஏதோ ஒன்று முடிவாகியிருக்கும். ஏழு வயதில் என்னை விடுதிப் பள்ளிக்கு அனுப்பியது அப்படித்தான். எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அப்படித்தான். நல்ல வேளை, மாப்பிள்ளை நல்லவராக அமைந்தார்.

அம்மா நாசரேத்தில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா அவளுக்கு அத்தை மகன். நான் பிறந்தபோது யாரோ ஒரு டாக்டர், சொந்தத்தில் கட்டினதால் வந்த வினை என்று சொல்லிவிட்டாராம். அப்பா இறந்தே பல வருஷம் ஆகிறது. அந்தச் சொல் மட்டும் அம்மாவை விட்டுப் போகவில்லை. அவள் ஒரு சின்ன டார்ச்சைக் கைப்பையிலேயே வைத்திருப்பாள், பேனா பருமன்தான் இருக்கும். என் முதல் பிள்ளை பிறந்தபோது அது எதற்கு என்று தெரிந்துகொண்டேன்.

மகளைத் துணியில் சுற்றி வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் கையை நீட்டிக்கொண்டு கிடக்கிறேன். கைப்பையின் ஜிப் திறந்தது. டிக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அம்மா வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். என் கணவர் மூச்சை விட்டதும் கேட்டது. அதன் பிறகுதான் பிள்ளை என் கைக்கு வந்தது. எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த ஸ்தோத்திரம் என் நெஞ்சில் குத்தியது. பிள்ளை என்னை மாதிரி இல்லை என்பதற்காக என் தலைமாட்டிலேயே நின்று கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள். நான் எங்கே போய் வைத்துக்கொள்வேன் அதை?

மகளுக்கு நாலு வயதாகும்போது இரண்டாவது உண்டானது. அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். டாக்டர் மட்டும் புதியவர், வெளியூர்ப் பெண். கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அவர் குரல் என் பக்கமே வராது. இவங்களுக்குச் சர்க்கரை இருக்கா என்று அம்மாவிடம் கேட்பார். இல்லை என்று நான் சொல்வேன். இவங்க நல்லாத் தூங்குறாங்களா என்ற அடுத்த கேள்வியும் அம்மாவிடமே போகும். தூங்குவது நான், சாட்சி சொல்வது அம்மா. ஒருதரம் பொறுக்க முடியாமல், டாக்டர், காது எனக்கு நல்லாக் கேட்கும் என்றேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, இவங்க நல்லாப் பேசுறாங்களே என்று அம்மாவிடம் சொன்னார்.

ஏழாம் மாதம் ஸ்கேன் எடுத்த அன்றைக்கு, எடை பார்க்க வேண்டும் என்று நர்ஸ் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். எடை பார்க்கும் மெஷின் டாக்டர் அறையிலேயே இருக்கிறது. போன தடவை அதில்தான் ஏறினேன். திரும்பி வந்து கதவைத் தள்ளியதும் உள்ளே பேச்சு நின்றது. அந்த இரண்டு நொடி. பிறகு அம்மா, வெயில் இந்த வருஷம் ரொம்பத்தான் அடிக்கி என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாரும் என்னிடம் அளவுக்கு மீறி நல்லவர்களாகிவிட்டார்கள். சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்றால் அம்மா சண்டைக்கு வரவில்லை. கணவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை பார்க்கிறார். ஆறு மணிக்கு மேல்தான் வருவார். இப்போது ஐந்தரைக்கே முந்திரி மக்ரூன் பொட்டலத்தோடு வந்து நின்றார். எனக்கு மக்ரூன் பிடிக்கும் என்பது அவருக்கு ஐந்து வருஷமாகத் தெரியும். இந்த மாதம் மட்டும் ஏன் நினைவு வந்தது? பிள்ளைக்குத்தான் ஏதோ இருக்கிறது, ஸ்கேனில் தெரிந்திருக்கிறது, எனக்கு மறைக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டினேன்.

கணவரிடம் நேரடியாகவே கேட்டேன். பிள்ளைக்கு ஏதும் குறையா என்றேன். அதெல்லாம் ஒன்றும் இல்லை, எல்லாம் நார்மல் என்றார். பொய் சொன்னால் அவர் குரல் லேசாக மேலே ஏறும். எனக்கு அது பழக்கம். அன்றைக்கு ஏறவில்லை. உண்மையைத்தான் சொன்னார். எனக்கு மேலும் குழம்பிவிட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டை போனில் போட்டோ எடுத்துப் படிக்கவைத்தேன். போனும் எல்லாம் நார்மல் என்றுதான் சொன்னது. நான் சந்தேகப்பட்டது சரி. சந்தேகப்பட்ட இடம்தான் தப்பு.

இரண்டாவதும் சிசேரியன்தான் என்று நாள் குறித்தார்கள். முந்தின நாள் மத்தியானம் அட்மிட் ஆனேன். நர்ஸ் ஃபைலோடு வந்து கையெழுத்துக் கேட்டாள். முதலில் மை டப்பாவைத் திறந்து என் பெருவிரலைப் பிடித்தாள். கண் தெரியாதவர்கள் என்றால் கைநாட்டுதான் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. நான் கையை இழுத்துக்கொண்டு என் அட்டையை எடுத்தேன். ஏ.டி.எம். கார்டு அளவில், நடுவில் நீளமாகத் துளை வெட்டிய அட்டை. காகிதத்தின்மேல் வைத்தால் அந்தத் துளைக்குள் கோணாமல் கையெழுத்துப் போடலாம். அட்டையை எங்கே வைப்பது என்பதைத்தான் கண் உள்ளவர்கள் காட்ட வேண்டும்.

"இங்கன ஒண்ணு போடுங்கக்கா. இங்கன ஒண்ணு."

போட்டுக்கொண்டே எண்ணினேன். மகள் பிறந்தபோது மூன்று. இப்போது நான்காவது காகிதம் சரசரத்து வந்தது, பிறகு ஐந்தாவது. இது எதற்கு என்று கேட்டேன். எல்லாம் ஒரே மாதிரிதான், இப்போது ரூல்ஸ் கூடிப்போச்சு என்றாள். போனை எடுத்துக் காகிதத்துக்கு மேலே பிடித்தேன். ஆஸ்பத்திரி ஃபைலை போட்டோ எடுக்கக் கூடாது என்று போனைத் தள்ளினாள். அப்படியானால் படித்துக் காட்டுங்கள் என்றேன். நாலு பேஷண்ட் காத்திருக்கிறார்கள் அக்கா என்றாள். கணவர் பக்கத்தில் நின்று, "போடுளா, அவங்க என்ன உன் சொத்தையா எழுதி வாங்கப் போறாங்க" என்றார். அவர் குரல் அப்போது ஏறியது. அது என் காதில் விழுந்தது, விழுந்தும் கையெழுத்துப் போட்டேன். இடுப்பு வலி, வெயில், இன்னும் எத்தனை பேரோடு மல்லுக்கு நிற்பது என்ற அலுப்பு. என் மேஜைக்கு வரும் பெண்கள் ஏன் படிக்கச் சொல்லாமல் பேனாவைக் கேட்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலையில் ஒன்பதரை மணிக்கு ஆபரேஷன் உடுப்பைப் போட்டுவிட்டார்கள். பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். எங்கள் வீடுகளில் ஜெபம் பண்ணாமல் யாரும் ஆபரேஷனுக்குப் போவதில்லை. அம்மாதான் ஜெபித்தாள். சபையில் பெண்கள் கூட்டத்துக்கு வருஷக்கணக்காகத் தலைவியாக இருந்தவள். அவள் ஜெபம் ஊரறிந்தது. புத்தகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டாள், மனதிலிருந்துதான் வரும். பள்ளிக்கூடத்து டீச்சர் ஆனதாலோ என்னவோ, ஆண்டவருக்கு எல்லா விவரமும் வரிசையாகச் சொல்லிவிட வேண்டும் அவளுக்கு. எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது மாடி, கட்டிலின் நம்பர் என்ன, டாக்டர் எங்கே படித்தவர் என்பது வரைக்கும் சொல்வாள். ஆண்டவர் வழி தெரியாமல் பக்கத்து வார்டுக்குப் போய்விடுவார் என்ற பயம் போல என்று நான் கேலி பண்ணியிருக்கிறேன்.

என் தலையில் கையை வைத்தாள். கணவர் கால்மாட்டில் நின்றார். அம்மா தொடங்கினாள். என்னைப் பற்றிச் சொன்னாள், மருமகனைப் பற்றிச் சொன்னாள், மயக்க மருந்து கொடுப்பவரைப் பற்றிச் சொன்னாள். கதவருகே செருப்புச் சத்தம் வந்து நின்றது. டாக்டர் எப்போதும் பூசும் கிருமிநாசினியின் வாசம். ஜெபம் முடியட்டும் என்று அவரும் நர்ஸும் அங்கேயே நின்றுவிட்டார்கள். அம்மா தன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

"இன்றைக்குப் பத்து மணிக்கு நடக்கப்போகிற இரண்டு ஆபரேஷன்களையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம் ஆண்டவரே. பிள்ளையை எடுக்கிற ஆபரேஷனையும், அதோடு சேர்த்துச் செய்கிற குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும்..."

அதற்குப் பிறகு அவள் சொன்னது ஒன்றும் என் மனதில் ஏறவில்லை. இரண்டு மாதமாக என்னிடம் மறைத்தவள், இரண்டு நிமிஷம் ஆண்டவரிடம் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டாள். தான் சொன்னது என் காதிலும் விழும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. ஜெபம் என்று வந்துவிட்டால் அவள் பேசுவது அவரிடம் மட்டும்தான். நான் பக்கத்தில் கிடப்பது அவள் கணக்கிலேயே இல்லை.

முடிக்கும் இடத்துக்கு வந்தாள். எங்கள் வழக்கத்தில் ஒருவர் ஜெபித்து நிறுத்தினால் இன்னொருவர் தொடரலாம். நடுவில் யாரும் குறுக்கிடமாட்டார்கள். அம்மா ஆமென் என்றதும் நான் தொடங்கினேன்.

"ஆண்டவரே, உமக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. எனக்கு இரண்டாவது ஆபரேஷன் இப்போதுதான் தெரியும். யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் சம்மதிக்கவும் இல்லை. காகிதத்தில் இருப்பது என் கையெழுத்துதான்; அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வாசலில் நிற்கிற டாக்டருக்கு இது கேட்கும்படி செய்யும். ஆமென்."

என் தலையில் இருந்த அம்மாவின் கை விலகியது. பிறகு ஒரு ஸ்டூலை இழுக்கிற சத்தம். டாக்டரின் குரல் முதல் தடவையாக என் முகத்துக்கு நேரே, என் உயரத்தில் வந்தது.

"உங்ககிட்ட பேசியாச்சு, உங்களுக்குச் சம்மதம்னு உங்க அம்மா சொன்னாங்க."

"என்கிட்ட பேசியாச்சான்னு அம்மாகிட்ட ஏன் டாக்டர் கேட்டீங்க?"

"தப்பு என்னோடதுதான்" என்றார். சாக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார். ஐந்து காகிதத்தையும் அவரே உட்கார்ந்து படித்தார், புரியாத வார்த்தைக்கு அர்த்தம் சொன்னார். நான்காவதுதான் கருத்தடைக்கானது. கணவர் கையெழுத்தும் அதில் இருந்தது. செய்வதும் செய்யாததும் உங்கள் இஷ்டம், பிறகு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். வேண்டாம் என்றேன். அந்தக் காகிதத்தில் குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டி, என் அட்டையை அதன் கீழே வைத்தார். கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. தள்ளிப்போகட்டும்.

கணவர் காதருகே குனிந்து, ரெண்டு போதும்னு நீதான சொல்லுவ என்றார். சொல்லியிருக்கிறேன். மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற அவசரத்தில் பலதடவை சொல்லியிருக்கிறேன். என்னிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சந்தோஷமாகச் சம்மதித்திருப்பேனோ என்னவோ. என்னைக் கொதிக்க வைத்ததே அதுதான். சும்மா கேட்டாலே கிடைத்திருக்கக்கூடிய ஒன்றை எனக்குத் தெரியாமல் எடுக்கப் பார்த்தார்கள். அம்மாவின் பக்கமிருந்து கைப்பையின் ஜிப் திறந்து மூடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஆபரேஷன் அறையில் டாக்டர் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொன்னார். இப்போது முதுகில் ஊசி, இப்போது வயிற்றில் குளிர்ச்சியாக ஒன்று தடவுகிறோம், இப்போது இழுப்பது போல இருக்கும். பையன் என்றார். பிள்ளையைத் துடைத்து நேராக என் கன்னத்தில் வைக்கச் சொன்னார். அவனுடைய ஈரமும் சூடும் பட்டபோது எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை எனக்கு முன்னால் யாரும் அவனைச் சோதிக்கவில்லை.

மத்தியானம் வார்டில் டார்ச் சத்தத்துக்காகக் காத்துக் கிடந்தேன். நான் தூங்குகிறேன் என்று நினைத்தால் பிள்ளையின் கண்ணில் அடித்துப் பார்ப்பாள். தூங்குகிற மாதிரி மூச்சுவிட்டேன். சத்தம் வரவில்லை. வெகு நேரம் கழித்து அம்மாவே என் விரல்களைப் பிரித்து, சில்லென்று ஒன்றை உள்ளங்கையில் வைத்தாள்.

"நான் பாக்கலளா. இனிமே இத நீயே வச்சுக்கோ."

டார்ச்சைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அவள் சொன்னதை நான் நம்பவில்லை. நான் உள்ளே இருந்தபோதே பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் பாத்ரூம் போன சமயம் நர்ஸிடம் விசாரித்தேன். இல்லைக்கா, பிள்ளை உங்களோடுதானே வெளியே வந்தது, அந்த அம்மா தொடக்கூட இல்லை என்றாள்.

மூன்றாம் நாள் கண் டாக்டர் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு எங்கள் டாக்டர் வந்தார். சொல்வதற்கு முன் ஒன்று கேட்டார்: சொல்லும்போது இங்கே யாரெல்லாம் இருக்கணும்? முப்பத்திரண்டு வயதில் என்னிடம் ஒரு டாக்டர் முதன்முதலாக அப்படிக் கேட்டார். அம்மாவையும் கணவரையும் வெளியே போகச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

எனக்கு இருக்கிற அதே குறைதான். விழித்திரை வளரவில்லை.

நான் தைரியசாலி என்று காட்டிக்கொள்ள விரும்பவில்லை. அவனையும் எல்லாரும் கண்ணாலே பேசி வளர்ப்பார்களே, அவன் பெருவிரலையும் மை டப்பாவுக்கு இழுப்பார்களே என்று பயந்தேன். அம்மா இத்தனை வருஷமாகச் சுமந்த பயம் இதுதான் என்று தெரிந்தபோது அவள்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இளகியது. ஆனால் போய்விடவில்லை. இப்படி ஒரு பிள்ளை வந்துவிடக் கூடாது என்றுதானே அந்த நான்காவது காகிதம். இப்படி ஒரு பிள்ளை என்றால் நானும்தானே.

டாக்டர் போன பிறகு அவர்கள் உள்ளே வந்தார்கள். டாக்டர் என்ன சொன்னாவ என்று கணவர் கேட்டார். அப்புறம் சொல்லுகிறேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் பால் குடிக்கானா என்று அம்மா வேறு வழியாக வந்தாள். குடிக்கிறான் என்றேன். சாயங்காலம் வரைக்கும் இருவரும் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வெளியே போய்க் குசுகுசுத்தார்கள், நர்ஸை வழிமறித்தார்கள். நர்ஸ் என்னிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கணவர் போய் மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்தார். தனக்குத் தெரியாத ஒன்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு பகல் அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன். அதில் கொஞ்சம் குரூரம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆறு மணிக்கு ஜெபம். அம்மா தொடங்கினாள். ஆண்டவருக்குக் கொடுக்க அன்று அவளிடம் விவரம் ஒன்றும் இல்லை. கட்டில் நம்பர்கூடச் சொல்லவில்லை. இரண்டு வரியில் நிறுத்திவிட்டாள்.

நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்:

"ஆண்டவரே, என் மகனுக்கும் என் கண்தான். ஸ்தோத்திரம்."

சொல்லிவிட்டு ஆமென் சொல்லாமல் நிறுத்தினேன். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் சங்கு ஊதி ஓய்ந்தது. கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஸ்தோத்திரம் என்றார். அம்மாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் காத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்கள், சாப்பிட்டார்கள், மூடினார்கள். நான் விடுவதாக இல்லை.

கடைசியில் அந்தச் சொல் வந்தது. மகள் பிறந்தபோது வார்டுக்கே கேட்டது. இப்போது எனக்கு மட்டும்தான் கேட்டது.

அது உண்மைதானா என்று என் மனம் வழக்கம்போல ஆராயத் தொடங்கியது. பிறகு நிறுத்திவிட்டது. அம்மா என்னிடம் எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்வாள். ஆண்டவரிடம் அவளுக்குச் சொல்லத் தெரியாது.